பதினேழாம் இருக்கையின் இரத்த ஓட்டம்

குடிமக்களின் குறைகளைக் கேட்பது அரசாங்கத்தின் தலையாய கடமை. அதை அரசாங்கமே நேரில் செய்ய முடியாது. அதற்கு வேறு வேலைகள் இருக்கின்றன. ஆகவே தண்ணீர் வரவில்லை, தெருவிளக்கு எரியவில்லை, சாக்கடை வீட்டுக்குள் வந்துவிட்டது என்று சொல்ல விரும்புகிறவர்களுக்காக ஒரு குறைகேட்பு மையத்தை ஏற்படுத்தி, அதில் முப்பத்திரண்டு பேரைக் காதில் கருவி மாட்டி உட்கார வைத்தார்கள். கேட்பது மட்டும்தான் அவர்கள் வேலை. தீர்ப்பது வேறு பிரிவு. அந்தப் பிரிவு இன்னும் தொடங்கப்படவில்லை.

முப்பத்திரண்டு பேருக்கும் பெயர் உண்டு. அதை வீட்டில் வைத்துவிட்டு வருவார்கள். அலுவலகத்தில் இருக்கை எண்தான். இந்தக் கதைக்கு உரிய பெண் பதினேழாம் இருக்கை. பதினொரு வருஷமாகப் பதினேழு. கடைத்தெருவில் யாராவது சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால்கூடத் திரும்பிப் பார்க்க மாட்டாள்.

அந்த நாற்காலிகள் சாதாரண நாற்காலிகள் அல்ல. மெத்தைக்கு அடியில் ஒரு தகடு இருந்தது. ஆள் உட்கார்ந்தால், பக்கத்து அறையில் மேற்பார்வையாளரின் பலகையில் அந்த எண்ணுக்குப் பச்சை விளக்கு எரியும், எழுந்தால் சிவப்பு. பச்சை எரிகிற வரையில் அழைப்புகள் தாமாகவே வந்து காதில் விழுந்துகொண்டிருக்கும். சாப்பாட்டு நேரம் நீங்கலாக, நாளொன்றுக்குப் பன்னிரண்டு நிமிடம் சிவப்பு எரியலாம். பதின்மூன்றாவது நிமிடத்தில் மெமோ. மேற்பார்வையாளர் ஆட்களைப் பார்ப்பதே இல்லை, பலகையைத்தான் பார்ப்பார். அதனால் அவருக்கு ‘விளக்கு’ என்று பெயர் விழுந்துவிட்டது.

கழிவறை கீழ்த்தளத்தின் கடைசியில் இருந்தது. போய் வர எட்டு நிமிடம். ஆக, ஒருவர் ஒருநாளைக்கு ஒன்றரை முறை போகலாம். அந்த அரை முறையை எப்படிப் போவது என்று விதிகளில் விளக்கம் இல்லை. வம்பு எதற்கு என்று முப்பத்திரண்டு பேரும் தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொண்டார்கள்.

இப்படி உட்கார்ந்து உட்கார்ந்து ஒருநாள் பதினேழின் இடது கெண்டைக்கால் வீங்கியது. செருப்பு வாரைப் போட முடியவில்லை. தொட்டால் கொதித்தது. அவள் கணவன் பஸ் பட்டறையில் மெக்கானிக். குழாய் அடைப்பு எப்படி இருக்கும் என்று தெரிந்தவன். “இது சுளுக்கு இல்லடி, கிளம்பு” என்று ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனான்.

டாக்டரம்மா படம் எடுத்துப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: “கால் ரத்தக்குழாய்க்குள்ள ரத்தம் உறைஞ்சு கட்டியிருக்கு. நாள் பூரா அசையாம உட்கார்ந்தா இப்படித்தான். இது பிரிஞ்சு நுரையீரலுக்குப் போச்சுன்னா என்ன ஆகும் தெரியுமா?”

“தெரியாது டாக்டர்.”

“தெரிஞ்சுக்கிட்டவங்க பல பேர் திரும்பி வந்து சொன்னதில்ல.”

இரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை கொடுத்தாள். கூடவே அலுவலகத்துக்கு ஒரு சீட்டும் எழுதினாள். அதில் மூன்று வரிகள். ஒன்று: மணிக்கு ஒருமுறை எழுந்து ஐந்து நிமிடம் நடக்க வேண்டும். இரண்டு: தண்ணீர் நிறையக் குடிக்க வேண்டும். மூன்று: உணவில் உப்பும் கொழுப்பும் குறைய வேண்டும், காய், பழம், மீன் சேர்க்கலாம், கீரை சாப்பிடலாம், ஆனால் தினமும் ஒரே அளவு.

இரண்டு வாரம் விடுப்பில் இருந்துவிட்டுப் பதினேழு அந்தச் சீட்டோடு நலப்பிரிவு அதிகாரியின் முன்னால் போய் நின்றாள். அவர் நல்ல மனிதர். யார் எதைக் கொடுத்தாலும் இரண்டு முறை படிப்பார்.

“இதுல மூணு விஷயம் இருக்கும்மா. நடக்கணும்கிறது நிர்வாகப் பிரிவு. தண்ணி குடிக்கணும்னா கழிவறை சம்பந்தப்படும். அது கட்டடப் பிரிவு. சாப்பாடு மட்டும்தான் நலப் பிரிவு. என் அதிகாரத்துக்கு உட்பட்டதை நான் உடனே செஞ்சுடறேன்.”

“சார், முதல் வரிதான் சார் உசிரு மாதிரின்னு டாக்டரம்மா சொன்னாங்க. சாப்பாடு அதுக்குத் துணைதானாம்.”

“எது முக்கியம்கிறதை நாங்க பாத்துக்கறோம்.”

சொல்லிவிட்டு மேசை இழுப்பறையிலிருந்து கத்தரிக்கோலை எடுத்தார். சீட்டை வரிக்கு வரி மூன்று துண்டாக வெட்டி, ஒவ்வொன்றின் மேலும் முத்திரை குத்தி, உரிய பிரிவுகளுக்கு அனுப்பி வைத்தார். நடக்க வேண்டும் என்ற துண்டு நிர்வாகப் பிரிவில் போய் உட்கார்ந்தது. தண்ணீர்த் துண்டு கட்டடப் பிரிவில் காய்ந்தது. சாப்பாட்டுத் துண்டுக்கு மட்டும் யோகம் அடித்தது.

அதற்குக் காரணம் உண்டு. அந்த வருஷம் ஊரெல்லாம் இரத்தம்தான் பேச்சு. முந்தின வருஷம் குடல். அதற்கு முந்தின வருஷம் மூச்சு. படித்தவர்கள் ஒருவரையொருவர் சந்தித்தால் “உங்க ரத்தம் எப்படி ஓடுது?” என்று விசாரித்துக்கொண்டார்கள். இந்த நேரம் பார்த்து நலப்பிரிவின் மேசைமேல் ஓர் இரத்தக் கட்டி வந்து விழுந்தால் விடுவார்களா? ‘இரத்த உறைவுத் தடுப்பு உணவுமுறை உயர்நிலைக் குழு’ அமைக்கப்பட்டது. ஏழு உறுப்பினர்கள் பதினான்கு முறை கூடினார்கள். ஒரு முறைகூட எழுந்திருக்காமல் உழைத்தார்கள் என்று அறிக்கையில் இருக்கிறது.

குழு ஓர் ஆலோசகரை அழைத்து வந்தது. மூச்சு வருஷத்தில் மூச்சைப் பற்றியும் குடல் வருஷத்தில் குடலைப் பற்றியும் பேசியவர் அவரேதான். உடம்புக்குள் மெல்ல மெல்ல இறங்கி வந்துகொண்டிருந்தார். முப்பத்திரண்டு பேரையும் கூட்ட அறையில் உட்கார வைத்து மூன்று மணி நேரம் பேசினார்.

“ரத்தம் என்பது ஓர் ஆறு! ஆறு சிவப்பு! சிவப்புக்குச் சிவப்பே துணை! எனவே பீட்ரூட்! ஆற்றில் அடைப்பு ஏற்பட்டால் வெடி வைக்க வேண்டும்! எனவே பூண்டு! ஆற்றங்கரை பசுமையாக இருக்க வேண்டும்! எனவே கீரை!”

கடைசி வரிசையில் பதினெட்டாம் இருக்கைக்காரர் எழுந்தார். ஓய்வு பெற இரண்டு வருஷம் இருந்தது. அந்த நாற்காலிகள் வந்த நாளிலிருந்து அவற்றை எதிர்த்துக் கத்திக் கத்தித் தொண்டை கட்டிப்போனவர். ‘கோஷம் அண்ணன்’ என்றால் எல்லாப் பிரிவுகளுக்கும் தெரியும்.

“அய்யா, ஆறு ஓடணும்னா தண்ணியைத் தேக்கி வைக்கக் கூடாது. எங்களை மணிக்கு ஒரு தடவை எழுந்து நிக்க விட்டாலே...”

“மிகச் சிறந்த கேள்வி,” என்றார் ஆலோசகர். “உட்காருங்கள்.”

மறுவாரம் சுற்றறிக்கை வந்தது. ஒவ்வொரு பணியாளரும் நாளொன்றுக்கு ஒரு பீட்ரூட், ஆறு பல் பச்சைப் பூண்டு, ஒரு கிண்ணம் கீரை உட்கொள்ள வேண்டியது. கீரையின் அளவு வாரந்தோறும் பத்தில் ஒரு பங்கு உயர வேண்டியது. திட்டம் என்று இருந்தால் இலக்கு வேண்டும், இலக்கு என்று இருந்தால் அது உயர வேண்டும் அல்லவா? மதியம் ஒரு மணிக்கு விளக்கு சார் ஒரு தராசோடு வந்து ஒவ்வொருவர் சாப்பாட்டுப் பெட்டியையும் திறந்து கீரையை நிறுத்தார். பலகையை விட்டு அவர் எழுந்து வந்ததை அன்றைக்குத்தான் பலர் முதல்முறையாகப் பார்த்தார்கள்.

பதினேழு தினமும் அதே ஒரு கிண்ணம் கீரைதான் கொண்டுவந்தாள். பூண்டைத் தொடவில்லை. மூன்றாம் வாரம் அவள் மேசையில் மெமோ இருந்தது. நலப்பிரிவில் விசாரணை.

“மூணு வாரமா ஒரே கிண்ணம். வளர்ச்சியே இல்லையேம்மா?”

“சார், நான் சாப்பிடற மாத்திரைக்குக் கீரை திடீர்னு கூடக் கூடாதாம். கூடினா மாத்திரை பலிக்காது, மறுபடி கட்டும்னு சொல்லியிருக்காங்க. பச்சைப் பூண்டை அள்ளித் தின்னா அந்தப் பக்கமா ஆபத்து, ரத்தம் நிக்காம கசியுமாம்.”

“அப்ப கீரை கெட்டதுங்கறீங்க.”

“இல்ல சார். நல்லது.”

“நல்லதுன்னா கூடுதலா சாப்பிட வேண்டியதுதானே?”

“எனக்கு ஒரே அளவுதான் சார் நல்லது.”

அதிகாரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “இதோ பாருங்கம்மா. ஒரே அளவுன்னா அது தேக்கம். தேக்கம்னா என்ன? கட்டி. கட்டியைக் கரைக்கக் கொண்டுவந்த திட்டத்துலயே நீங்க கட்டி வைக்கப் பாக்கறீங்க. எத்தனை பேர் பதினாலு தடவை உட்கார்ந்து யோசிச்சது!”

“உட்கார்ந்ததுதான் சார் கோளாறு.”

இந்த வாக்கியம் ‘மேலதிகாரியிடம் தகாத சொல்’ என்று கோப்பில் ஏறியது. ஒரு மாத அவகாசம். அதற்குள் இலக்கை எட்டாவிட்டால் ‘பணிக்கு உடல்தகுதியற்றவர்’ பட்டியலில் சேர்த்து வீட்டுக்கு அனுப்பப்படுவாள்.

கணவன் கையிலிருந்த கிரீசைத் துடைத்தபடி சொன்னான். “விட்டுத் தொலைச்சிடேன்.”

“விட்டுட்டு?”

அவன் விரல் விட்டு எண்ணினான். வேலையில் இருந்தால் கால் போகும், கால் போனால் உயிர், வேலை போனால் மாத்திரை, மாத்திரை போனால் மறுபடி கால். எந்தப் பக்கமாக எண்ணினாலும் தொடங்கிய இடத்துக்கே வந்தது.

இதற்கிடையில், திட்டத்தைச் சிறப்பிக்கும் பொருட்டு, இருக்கைக்கு ஒரு மூட்டை வீதம் முப்பத்திரண்டு பீட்ரூட் மூட்டைகள் வந்து இறங்கின. நாற்காலிக்குப் பின்னால் ஆளுக்கொன்று நிறுத்தி வைத்தார்கள். கோஷம் அண்ணன் காலையிலிருந்து அந்த மூட்டையையே பார்த்துக்கொண்டிருந்தார். பதினோரு மணிக்குப் பதினேழு காலைத் தேய்த்துக்கொண்டு முகத்தைச் சுளித்தபோது, குனிந்து அவளுடைய மூட்டையை அலாக்காகத் தூக்கினார்.

“எந்திரிம்மா.”

“அண்ணே, சிவப்பு எரியும்!”

“எரியாது. இந்த நாற்காலியை எதிர்த்து எத்தனை மனு எழுதியிருக்கேன் தெரியுமா? ஒண்ணுக்கும் எடை இல்ல. இதுக்கு இருக்கு.”

அவள் ஒருபக்கம் எழ, அவர் மறுபக்கம் மூட்டையை இறக்கினார். சணல் மூட்டையின் மேல்முனைகள் இரண்டும் காதுபோல் நீட்டிக்கொண்டிருந்தன. கருவியை எடுத்து அதில் மாட்டினார். பொருந்தியது. பக்கத்து அறையில் விளக்கு சார் அசையவில்லை. பச்சை.

பதினேழு தாழ்வாரத்தின் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை நடந்தாள். இரண்டு டம்ளர் தண்ணீர் குடித்தாள். கழிவறைக்குப் போனாள், முழுசாக ஒரு முறை. வேகமாகத் திரும்பி வந்தாள். வந்த அழைப்புகள் என்ன ஆயினவோ? கருவியில் ஒரு பெரியவரின் குரல் கேட்டது.

“...பதிமூணு வருஷமா இந்த சாக்கடைக்காக போன் பண்றேன். ஒவ்வொரு தடவையும் பாதியிலயே ‘தங்கள் குறை பதிவு செய்யப்பட்டது’ன்னு வாயை அடைச்சிடுவீங்க. இன்னிக்குத்தாம்மா மனுஷங்க மாதிரி குறுக்கே பேசாம கேட்டீங்க. நல்லா இருக்கணும் நீங்க.”

அழைத்தவர்கள் கடைசியில் ஒன்று முதல் ஐந்துவரை ஓர் எண்ணை அழுத்தி மதிப்பிட வேண்டும். பெரியவர் ஐந்தை அழுத்தினார். மையம் திறந்த நாள்முதல் யாரும் ஐந்தை அழுத்தியதில்லை.

ஒரே வாரத்தில் முப்பத்திரண்டு நாற்காலிகளிலும் மூட்டைகள் அமர்ந்துவிட்டன. ஆட்கள் தாழ்வாரத்தில் கைகோத்து நடந்தார்கள், படிக்கட்டில் ஏறி இறங்கினார்கள். ஒரு மணிக்கு மட்டும் வந்து உட்கார்ந்து பெட்டியைத் திறந்து காட்டினார்கள். பதினேழின் பெட்டியிலும் கீரை இலக்குப்படி உயர்ந்தது. விளக்கு சார் நிறுத்துவிட்டுப் போனதும், தன் ஒரு கிண்ணத்துக்கு மேற்பட்டதை அவள் கோஷம் அண்ணனிடம் தள்ளுவாள். அவர் அதை ஊழியர் சங்கத்தின் சார்பில் தின்றார்.

பேசுகிறவர்கள் பேசினார்கள். மூட்டைகள் கேட்டன. ஐந்து, ஐந்து, ஐந்து. அழுத்திய விரல்களில் உங்களுடையதும் இருந்திருக்கலாம்.

மாத முடிவில் டாக்டரம்மா காலைப் பார்த்தாள். “வீக்கம் நல்லா வடிஞ்சிருக்கே! என்ன பண்ணினீங்க?”

“நீங்க சொன்னதைத்தான் டாக்டர்.”

“பரவாயில்லையே, உங்க ஆபீஸ்ல நல்லவங்க இருக்காங்க!”

அதே மாத முடிவில் அறிக்கையும் மேலே போனது. சிவப்பு நிமிடங்கள்: இல்லை. மக்கள் மதிப்பீடு: ஐந்து. கால் வீக்கம்: இல்லை. காரணம்: உணவுத் திட்டம். இயக்குநர் நேரிலேயே வந்துவிட்டார். கூட்ட அறையில் பாராட்டு விழா. விளக்கு சார் தம் பலகையையும் பெருமையோடு தூக்கிவந்து மேடையில் வைத்தார்.

இயக்குநர் அதைப் பார்த்து நெகிழ்ந்து போனார். “பாருங்கள்! என் பேச்சுக்காகக்கூட ஒருவரும் இருக்கையை விட்டு எழவில்லை. எத்தகைய கடமை உணர்வு!”

எதிரே முப்பத்திரண்டு பேர் உட்கார்ந்து கைதட்டினார்கள். பலகையில் முப்பத்திரண்டு பச்சை எரிந்தது. இரண்டையும் கூட்டிப் பார்க்க அங்கே ஒருவருக்கும் அதிகாரம் இல்லை.

பிறகு பதினேழை மேடைக்கு அழைத்து ஒரு தாளைக் கொடுத்தார்கள். ‘என் கால் குணமானதற்குப் பீட்ரூட்டும் பூண்டும் வளரும் கீரையுமே காரணம்’ என்று அதில் அடித்திருந்தது. அவள் தாளை மடித்துக் கையில் வைத்துக்கொண்டே எழுந்தாள். பக்கத்திலிருந்த கோஷம் அண்ணன் அவள் முழங்கையைப் பிடித்தார்.

“மூஞ்சியைப் பாத்தா தெரியுது. சொல்லிடாதேம்மா.”

“அண்ணே, நடந்ததாலதான் சரியாச்சுன்னு சொன்னா எல்லாருக்குமே நடக்க உத்தரவு போட மாட்டாங்களா?”

“போட மாட்டாங்க. மூட்டையைத்தான் எடுத்துட்டுப் போவாங்க.”

“நீங்களா இதைச் சொல்றீங்க? எத்தனை மேடையில உண்மையைச் சொல்லியிருக்கீங்க!”

“சொல்லியிருக்கேன். எனக்கு முட்டிவலிதான் மிச்சம். இந்த ஒரு மாசமாத்தான் வலி இல்ல.”

பின்னால் முப்பது பேர் அவளையே பார்த்தார்கள். ஒருவர் கையெடுத்துக் கும்பிட்டார். பதினேழு மேடையேறினாள். தாளைப் பிரித்தாள். எழுத்துப் பிசகாமல் வாசித்தாள். படம் பிடித்தார்கள். “உணவுத் திட்டம் வாழ்க!” என்று முதல் குரல் எழுந்தது. நிர்வாகத்தை வாழ்த்திக் கோஷம் அண்ணன் போட்ட முதல் கோஷம் அதுதான். தொண்டை அன்றைக்கு நன்றாகத் திறந்திருந்தது.

வெற்றி பெற்ற திட்டத்தை ஓரிடத்தில் நிறுத்தி வைக்கலாமா? எல்லா அலுவலகங்களுக்கும் நீட்டித்தார்கள். அங்கெல்லாம் நாற்காலியில் தகடு இல்லை. கண் உள்ள ஆட்களே காவல் நின்றார்கள். மூட்டையை உட்கார வைக்க வழியில்லை; பீட்ரூட்டைத் தின்பதைத் தவிர வேறு உபயோகம் இல்லை.

மூன்று மாதம் கழித்து ஒருநாள். பதினேழு நடந்துவிட்டு வேர்வையோடு தன் இருக்கைக்கு வந்தாள். மூட்டையின் காதிலிருந்து ஒரு பெண்குரல் கசிந்துகொண்டிருந்தது. களைத்த குரல். அவள் குனிந்து காதை வைத்தாள்.

“...பஸ் நிலையத்துல டிக்கெட் கவுண்டர்லங்க. எனக்கும் கால்ல கட்டி, மாத்திரை சாப்பிடறேன். கொஞ்சம் எழுந்து நடக்க விடுங்கன்னு கேட்டா, சுவத்துல ஒட்டின போட்டோவைக் காட்டறாங்க. உங்க ஆபீஸ் அம்மா ஒருத்தங்களாம். கீரையைக் கூட்டினதுலதான் சரியாச்சுன்னு சொன்னாங்களாம். நானும் வாரா வாரம் கூட்டிக்கிட்டே வரேன். வீக்கம் தொடைக்கு ஏறிடுச்சு. அவங்களைக் கேட்டுச் சொல்ல முடியுமா? நெஜமா அதுலதான் சரியாச்சான்னு... நீங்க ஒண்ணும் சொல்ல மாட்டேங்கறீங்க. சரி, உங்க மேல என்ன தப்பு. இவ்வளவு நேரம் பொறுமையா கேட்டீங்களே.”

“இல்லங்க! அது இல்லங்க! நில்லுங்க, வைக்காதீங்க!” என்று பதினேழு கருவியைப் பிடுங்கினாள்.

கட்டாகிவிட்டது. சின்னத் திரையில் ஐந்து என்று வந்தது.

அவள் மூட்டையைக் கீழே தள்ளிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தாள். அந்தப் பெண் மறுபடி கூப்பிட்டால் எடுக்க ஆள் வேண்டுமே. கோஷம் அண்ணன் தாழ்வாரத்திலிருந்து, “என்னம்மா, நடக்க வரலியா?” என்றார். அவள் வரவில்லை என்று தலையை ஆட்டினாள். அன்று முழுதும் உட்கார்ந்திருந்தாள். மறுநாளும். பஸ் நிலையத்திலிருந்து யார் பேசினாலும், “நடங்க, டாக்டர்கிட்ட ஓடுங்க, கீரையை ஒரே அளவா வைங்க, அந்த போட்டோவுல இருக்கறவ பொய் சொன்னா” என்று படபடவென்று சொன்னாள். பேசியவர்கள் ஏதோ தவறான எண் என்று, ஒன்றை அழுத்திவிட்டு வைத்துவிட்டார்கள். அந்தக் குரல் மட்டும் திரும்ப வரவே இல்லை. இடது கால் மெல்லக் கனக்கத் தொடங்கியது.

மாத முடிவில் அவள் மேசைக்கு ஓர் உத்தரவு வந்தது. அதன் முழு வாசகம் வருமாறு:

‘பதினேழாம் இருக்கையின் மக்கள் மதிப்பீடு ஐந்திலிருந்து ஒன்றாகச் சரிந்துள்ளது. பணியாளர் குறுக்கே பேசுகிறார் என்பது பொதுமக்களின் ஒருமித்த புகார். உடலில் பீட்ரூட் குறைந்ததே இதற்குக் காரணம் என்று குழு கருதுகிறது. இவ்விருக்கைக்குக் கூடுதலாக ஒரு மூட்டை ஒதுக்கப்படுகிறது. பணியாளர் தம்மால் இயன்றவரை பழைய மூட்டையின் அமைதியைப் பின்பற்றி நடந்துகொள்ள வேண்டியது.’